ஆடாத நாளின் கூலி

பத்துப்பாட்டுள் இரண்டாவதாக வைத்து எண்ணப்படும் பொருநராற்றுப்படை, ஓர் ஊரில் விழா முடிந்த மறுநாளில் தொடங்குகிறது. வளம் குறையாத பேரூர் அது. நேற்றுவரை அங்கே சோறு கிடைத்தது. இன்றும் நின்றால் கிடைக்கும். ஆயினும் பொருநன் அதனை விரும்பாது வேறு புலம் நோக்கி நடக்கிறான். வழியில் எதிர்ப்பட்ட மற்றொரு பொருநன் அவனைக் கரிகாற் பெருவளத்தானிடம் ஆற்றுப்படுத்துகிறான். முடத்தாமக்கண்ணியார் பாடிய இப்பாட்டைக் கல்லூரியில் படித்த நாளில், யாழின் வருணனையையும் கரிகாலன் அளித்த விருந்தின் வருணனையையும் ஆசிரியர் விரித்துரைத்தார். விழா முடிந்த மறுநாள் என்னும் காலக் குறிப்பு எங்கள் கண்ணில் படவில்லை. கூத்தும் இசையும் தொழிலாகக் கொண்டோரின் வாழ்க்கைச் சிக்கல் முழுவதும் அக்குறிப்பில் அடங்கிக் கிடக்கிறது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. ஆடிய நாளுக்குக் கூலி உண்டு. ஆடாத நாளுக்கு யார் தருவது?

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் வாழும் நமக்கு இது ஏட்டளவில் நிற்கும் கேள்வி ஆகாது. நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் முதலிய பக்கங்களில் பங்குனி பிறந்ததும் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் தொடங்கும். பகலில் பிரசங்கம் அல்லது அரிகதை, இரவில் கூத்து. தெலுங்கர் அதனை வீதி நாடகம் என்பர். ஒரே செட்டு ஓரூரில் தமிழிலும் அடுத்த ஊரில் தெலுங்கிலும் ஆடுவதுண்டு. அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவான். துரியோதனன் மண்ணுருவாய்ப் படுகளத்தில் கிடப்பான். தீமிதியோடு விழா முடியும். சாமான் பெட்டியையும் மத்தளத்தையும் ஏற்றிக்கொண்டு செட்டு அடுத்த ஊருக்குப் போகும். ஆடி மாதம்வரை இப்படி ஓடும். அதன்பின் மழைக்காலம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கூத்துக்குத் தாம்பூலம் வைக்க யாரும் வருவதில்லை. ஐந்து மாதம் கண் விழித்தவன் ஏழு மாதம் எதனால் உயிர் வாழ்ந்தான் என்று கேட்டால், அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் கூத்துக்காணி, நட்டுவக்காணி, நிருத்தியபோகம் என்னும் சொற்களைக் காண்கிறோம். காணி என்பது நிலத்தின்மேல் உள்ள உரிமை. கூத்தாடுவோனுக்குக் காசு எண்ணிக் கொடுத்து அனுப்பாமல், விளையும் நிலத்தைக் கொடுத்து ஊரிலேயே இருத்தும் ஏற்பாடு அது. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராச நாடகம் ஆடுவதற்காகச் சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றனான விசயராசேந்திர ஆசாரியனுக்கு ஆண்டுதோறும் நூற்றிருபது கலம் நெல் அளக்குமாறு இரண்டாம் இராசேந்திரன் ஆணையிட்ட செய்தி கல்லில் உள்ளது. நாடகம் ஆட வேண்டியது வைகாசிப் பெருவிழாவில். நெல்லோ ஆண்டு முழுவதற்குமான நெல். விழாவில்லாத மாதங்களிலும் ஆசாரியனும் அவன் குடும்பமும் உண்ண வேண்டும் என்பதும், அவ்வாறு உண்டால்தான் அடுத்த வைகாசியில் நாடகம் இருக்கும் என்பதும், அரண்மனைக் கணக்கர்க்குத் தெரிந்திருந்தன.

அதற்கு முன்னரே, முதலாம் இராசராசன் அதே கோயிலில் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியேற்றி, ஒருவர்க்கு ஒரு வீடும் ஆண்டுக்கு நூறு கலம் நெல் விளையும் ஒரு பங்கும் வழங்கினான். அக்கல்வெட்டின் இறுதிப் பகுதி மிகவும் கூர்ந்து நோக்கத்தக்கது. பங்கு பெற்றவர் இறந்துபோனாலோ புறநாடு போனாலோ அவருக்கு அடுத்த உறவினர் அப்பணியைச் செய்து பங்கைப் பெறவேண்டும். உறவினர்க்குத் தகுதி இல்லையேல் தகுதியுடையாரைத் தேர்ந்து செய்விக்கவேண்டும். உறவினரே இல்லாவிடின் அப்பணி செய்வோரே கூடித் தக்காரைத் தேர்ந்துகொள்ளவேண்டும். என்னைப் போல் நாள் முழுதும் கோப்புகளோடு உழலும் எழுத்தர் எவரும் இவ்விதியைப் படித்தால் சற்றுப் பொறாமை கொள்வர். ஆள் இறந்தால் என்ன, ஓடிப்போனால் என்ன, வாரிசு தகுதியற்றவனானால் என்ன என்று மூன்று நிலையையும் எண்ணிப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

நம் திருமலையிலும் திருச்சானூரிலும் திருப்பதியிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டு, 1930களில் தொடங்கித் தேவஸ்தான வெளியீடாகத் தொகுதி தொகுதியாக வந்தன. அவற்றுள் பழையன பெரும்பாலும் தமிழ். கி.பி. 966 என்று ஆய்வாளர் கொள்ளும் சாமவையின் கல்வெட்டு, வெள்ளித் திருமேனி ஒன்றை எழுந்தருளுவித்து, விழாச் செலவுக்கு நிலம் விட்டதைக் கூறுகிறது. விழா என்றால் நிலம் என்பதே அக்காலத்து வழக்கு. கோயிலைச் சூழ்ந்த ஊர்களிலும் அதே முறை சிறிய அளவில் நடந்தது. மேளக்காரனுக்கும் பறை அறைவோனுக்கும் கூத்தாடிக்கும் களத்துமேட்டில் ஒரு முறம் நெல்லோ ஒரு கட்டுக் கதிரோ பங்காக விழும். பெயர் மானியம், மிராசு, சுதந்தரம் என மாறினாலும் உள்ளடக்கம் ஒன்றே.

இம்முறையை நான் போற்றிப் பாட வரவில்லை. அதில் சாதிக் கட்டு இருந்தது. பறையடிப்பவன் மகன் பறையடித்தே ஆகவேண்டும். கோயிலுக்குப் பொட்டுக் கட்டப்பட்ட பெண்ணின் கதி இன்னும் கொடிது. ஆடாத நாளுக்கும் சோறு கிடைத்தது. அதற்கு விலையாக, ஆடமாட்டேன் என்று சொல்லும் உரிமை பறிபோயிற்று. எனவே அக்கட்டு அறுபட்டது நன்றே. எவ்வாறு அறுபட்டது, அறுந்தபின் அவ்விடத்தில் எதனை வைத்தார்கள் என்பதே நாம் காணவேண்டியது.

சித்தூர் மாவட்டம் 1911இல் உருவானது முதல் 1953இல் ஆந்திரம் பிரியும்வரை சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. ஆகவே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1929இல் நிறைவேறிய சட்டத் திருத்தம் இங்கும் செல்லுபடியாயிற்று. தேவதாசியர் கையிலிருந்த இனாம் நிலத்தைக் கோயிற் பணியிலிருந்து விடுவித்து, பணி செய்யாமலேயே நிலத்தை வைத்துக்கொள்ள அது வழிசெய்தது. நம் நாட்டில் ஆடுவோர் தொடர்பாக எழுந்த முதற் பெருந்தகராறு இதுவே எனலாம். பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலானோர் சங்கமாகத் திரண்டு, தங்கள் தொழிலையும் உரிமையையும் காக்க வேண்டி அரசுக்கு மனுக் கொடுத்தனர். 1947இல் பொட்டுக் கட்டுதலே தடை செய்யப்பட்டது. சட்டம் ஆடியவரைப் பற்றிப் பேசிற்று. அவர் பின்னால் நின்று தாளம் தட்டிய நட்டுவனாரையும், மத்தளக்காரரையும், முகவீணை ஊதியவரையும் பற்றி அது பேசவில்லை.

அதன்பின் சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. 1948இல் ஜமீன் ஒழிப்பு வந்தது; கார்வேட்டிநகரம் முதலிய இடங்களில் கலைகளைப் பேணிய அரண்மனைகள் வெறும் கட்டடங்களாயின. 1956இல் ஆந்திர இனாம் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1987இல் ஆந்திரப் பிரதேச அறநிலையச் சட்டம், கோயில்களில் மிராசுதாரர், அர்ச்சகர், பிற ஊழியர் ஆகியோரின் பரம்பரை உரிமைகளையும் பங்குகளையும் ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 1996இல் அந்நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. பங்கு போய்ச் சம்பளம் வந்தது. சம்பளப் பட்டியலில் இடம்பெற்ற மேளக்காரர் பிழைத்தனர். பெரிய கோயிலின் பட்டியலில் இடமில்லாத, ஊர் அம்மன் முன்னால் ஆடும் கூத்தர்க்குப் பங்கும் இல்லை, சம்பளமும் இல்லை. அவர்க்கு எஞ்சியது ஓர் இரவுக்கு இவ்வளவு என்று பேசி முடிக்கும் தொகை ஒன்றே.

இந்நிலை சிறியோர்க்கு மட்டும் நேர்ந்தது என்று கருதவேண்டா. சித்தூர் இராம விலாச சபையில் நாடகம் ஆடிப் புகழ்பெற்று, ஊர்ப் பெயரையே தம் பெயராக்கிக்கொண்ட நாகையா, 1941இல் ‘அசோக்குமார்’, 1945இல் ‘மீரா’ ஆகிய தமிழ்ப் படங்களிலும் நடித்தவர். ‘தியாகய்யா’ என்னும் தெலுங்குப் படத்தை 1946இல் தாமே எடுத்தவர். 1965இல் பத்மசிறீ பெற்றவர். கைக்கு வந்த பணத்தைப் பிறர்க்கு வாரி வழங்கிய அப்பெருமகனார் 1973 டிசம்பர் 30 அன்று மறைந்தபோது கையில் ஒன்றும் இல்லாத நிலை. வள்ளன்மையே காரணம் என்று கூறி நாம் கதையை முடித்துவிடுகிறோம். என் போன்ற சாதாரண எழுத்தன் வாரி வழங்கினாலும் ஓய்வூதியத்தை வழங்கிவிட முடியாது, சட்டம் விடாது. அவருக்கு அப்படியொரு காப்பு இருந்ததில்லை.

மானியம் போனபின் ஆடாத நாளுக்கு வேறு வழி கண்ட நாடு ஒன்று உண்டு. புதுச்சேரியின் வாயிலாக நமக்கு அறிமுகமான பிரான்சு அது. அங்கு நடந்த நீண்ட தகராற்றைச் சற்று விரிவாகச் சொல்வது நம் கேள்விக்கு ஒளி தரும்.

பிரான்சில் நாடக நடிகர், இசைவாணர், நடனக்காரர், திரைப்படத் தொழில்நுட்பர் ஆகியோரை ‘ஆன்தெர்மித்தான்’ என்பர். விட்டுவிட்டு வேலை செய்பவர் என்பது பொருள். 1936இல், ஒரு படம் முடிந்து அடுத்த படம் தொடங்கும்வரை சும்மா இருக்க நேரும் திரைப்படத் தொழில்நுட்பர்க்கென முதலில் ஒரு தனி முறை ஏற்பட்டது. எல்லாத் தொழிலாளர்க்குமான வேலையின்மைக் காப்பீடு 1958ஆம் ஆண்டின் கடைசி நாளில் ஒப்பந்தமாயிற்று. 1960களில் அதற்கு இரண்டு இணைப்புகள் சேர்ந்தன. எட்டாம் இணைப்பு திரைத் தொழில்நுட்பர்க்கு. பத்தாம் இணைப்பு மேடைக் கலைஞர்க்கு. திரைக்கு முதலிலும் மேடைக்குப் பின்னரும் சலுகை கிடைத்த இவ்வரிசையை வாசகர் நினைவில் கொள்க. நம் நாட்டில் அவ்வரிசை பாதியிலேயே நின்றுவிட்டது.

முறை இதுதான். பன்னிரண்டு மாதத்தில் 507 மணி நேரம் வேலை செய்ததாகக் கணக்குக் காட்டினால், அடுத்த பன்னிரண்டு மாதத்தில் வேலையில்லாத நாள்களுக்கு உதவித்தொகை உண்டு. பணம் அரசின் கருணையிலிருந்து வருவதன்று. 2018வரை அது எல்லாத் தொழில்களிலும் முதலாளியும் தொழிலாளியும் செலுத்திய சந்தாவிலிருந்து, யுனேதிக் என்னும் அமைப்பின் வழியாக வந்தது. விதிகளை வகுப்பவர் முதலாளிகள் சங்கமும் தொழிற்சங்கங்களும். ஆகவே விதி மாறும் போதெல்லாம் தகராறு.

2000ஆம் ஆண்டை ஒட்டி இவ்வுதவி பெறுவோர் ஏறத்தாழ ஒரு லட்சம் ஆயினர். கலைஞர்கள் செலுத்தியதைவிடப் பெற்றது மிகுதி. பற்றாக்குறை 2002இல் 80 கோடி யூரோவுக்கு மேல் என்று கணக்குக் காட்டினார்கள். 2003 சூன் 26 அன்று முதலாளிகள் சங்கமும் தொழிற்சங்கங்களில் ஒரு பகுதியும் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 507 மணி நேரத்தைத் தொழில்நுட்பர் பத்து மாதத்துக்குள், கலைஞர் பத்தரை மாதத்துக்குள் முடிக்க வேண்டும்; உதவி எட்டு மாதத்துக்கே. கலைஞரிடையே செல்வாக்கு மிக்க சி.ஜி.டி. சங்கம் கையெழுத்திட மறுத்தது. மாதக் கணக்கில் செய்த சிறு மாற்றம்போல் தோன்றும். பருவத்தை நம்பி வாழ்வோர்க்கு அது சிறிதன்று. கோடையில் வேலை, குளிரில் ஓய்வு என்றிருப்பவன் பன்னிரண்டு மாதத்தில் ஒரு சுற்று முடிப்பான். பத்து மாதத்தில் சுற்று முடியாது. பங்குனி முதல் ஆடிவரை ஆடும் நம்மூர்க் கூத்தர்க்கு இது சொல்லாமலே விளங்கும்.

வேலைநிறுத்தம் பரவிற்று. ழான் விலார் 1947இல் தொடங்கிய அவிஞோன் நாடகவிழா உலகப் புகழ் பெற்றது. 2003 சூலை 10 அன்று அவ்விழா அவ்வாண்டுக்கு இல்லை என்று அறிவிக்கப்பட்டது. எக்சு நகர இசை நாடக விழாவும் நின்றது. விடுதிக்காரரும் கடைக்காரரும் வருவாய் இழந்தனர். நடிகனுக்கு வேலை இல்லையென்றால் ஊருக்கே வேலை இல்லை என்பது அப்போதுதான் பலர்க்குத் தெரிந்தது. கலைஞரிடையேயும் பிணக்கு. ஒத்திகை பார்த்த நாடகத்தை ஆடாமல் விடுவதா என்று சிலர் கலங்கினர். ஆடாத நாளின் கூலிக்காக, ஆடும் நாளையும் அதன் கூலியையும் இழந்த போராட்டம் அது. வேறு எத்தொழிலிலும் வேலைநிறுத்தம் செய்பவன் இயந்திரத்தை நிறுத்துகிறான். நடிகன் தான் மிக விரும்புவதையே நிறுத்த வேண்டியிருக்கிறது.

முதலாளிகள் தரப்பில் சொல்லப்பட்டதிலும் உண்மை இருந்தது. தொலைக்காட்சி நிறுவனங்களும் படத் தயாரிப்பாளரும் ஆண்டு முழுவதும் தேவைப்படும் ஆளைக்கூட நாள்கூலிக் கலைஞராகப் பதிந்து, ஓய்வு நாள்களின் செலவைக் காப்பீட்டு நிதியின் தலையில் கட்டினர். பற்றாக்குறையில் ஒரு பங்கு அவ்வாறு வந்தது. எனவே சேமிக்க வேண்டிய இடம் அதுவாக இருந்திருக்க வேண்டும். புதிய விதியோ ஓராண்டில் 507 மணி நேரத்தை மூச்சுத் திணறி எட்டும் சிறு நடிகனின் கழுத்தை நெரித்தது. கலைஞர்கள் எழுப்பிய மற்றொரு வாதமும் எடைபோடத்தக்கது. காப்பீடு என்றாலே ஒருவர் குறைவாகக் கட்டி மிகுதியாகப் பெறுவதும் மற்றவர் மிகுதியாகக் கட்டிக் குறைவாகப் பெறுவதும் இயல்பு. ஒரு தொழிலை மட்டும் தனியே பிரித்து வரவு செலவு பார்த்தால் காப்பீடு என்ற சொல்லுக்கே பொருளில்லை. தீப்பிடித்த வீட்டுக்காரனிடம் ‘நீ கட்டிய தவணையைவிட உன் வீடு விலை மிகுதி’ என்று எவரும் சொல்வதில்லை.

2004இல் அரசு தற்காலிக நிதி ஒன்றை ஏற்படுத்தி, விடுபட்டவர்க்கு உதவிற்று. 2014 மார்ச்சில் கையெழுத்தான மற்றோர் ஒப்பந்தம் மீண்டும் தகராற்றைக் கிளப்பியது. அவ்வாண்டு அவிஞோன் விழாவின் தொடக்க நாள் நாடகங்கள் நின்றன. கடைசியில் 2016 ஏப்ரல் 28 அன்று கலைத்துறையின் முதலாளி, தொழிலாளி இரு தரப்பும் தாமே கூடி ஓர் உடன்பாடு கண்டனர்: பன்னிரண்டு மாதம், 507 மணி, ஆண்டுக்கு ஒரு முறை கணக்கு முடிக்கும் நாள். பதின்மூன்று ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் பன்னிரண்டு மாதம் திரும்ப வந்தது.

இங்கே என் தொழிற் பழக்கத்தால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேடைக் கலைஞரின் ஓர் ஆட்டத்தை அங்கே பன்னிரண்டு மணி நேர வேலையாகக் கொள்கிறார்கள். ஒத்திகையும் ஒப்பனையும் பயணமும் அதில் அடங்கும் என்பது கருத்து. 507ஐ 12ஆல் வகுத்தால் நாற்பத்து மூன்று ஆட்டம். நம் கூத்தர் இரவு பத்து மணிக்கு ஏறிப் பொழுது விடிய இறங்குபவர். வேடம் கட்டும் நேரத்தைச் சேர்த்தால் அவர் இரவும் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. ஓரூர்ப் பாரதத்தில் எட்டு இரவு கூத்து என்று வைத்துக்கொள்வோம். ஆறு ஊர் ஆடினால் நாற்பத்தெட்டு இரவு. பிரெஞ்சு விதிப்படி நகரியிலோ குப்பத்திலோ உள்ள ஓர் ஓரளவு பெயர்பெற்ற செட்டின் நடிகர் தகுதி பெற்றுவிடுவார். ஆவணி முதல் மாசிவரை அவர்க்கு உதவித்தொகை உண்டு.

ஆனால் அந்த நாற்பத்தெட்டு இரவையும் எழுதிக் கையெழுத்துப் போடுவது யார்? ஊர்ப் பெரியவர் தாம்பூலத்தில் பணம் வைத்து அச்சாரம் கொடுப்பார், வாத்தியார் பெற்றுக்கொள்வார், பேச்சளவில் எல்லாம் முடிந்துவிடும். ஒருமுறை எங்கள் பக்கத்துக் கூத்தர் ஒருவர்க்கு உதவி விண்ணப்பம் எழுதிக் கொடுக்க உட்கார்ந்தேன். ‘வேலை அளிப்பவர் பெயர்’ என்று ஓர் இடம் இருந்தது. என்ன எழுத என்று கேட்டேன். சற்றும் தயங்காமல், ‘திரௌபதி அம்மன்னு எழுதுங்க சார்’ என்றார். அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. அதை ஏற்கும் கட்டம்தான் படிவத்தில் இல்லை.

பிரான்சிலும் இச்சிக்கல் இருந்தது. சிற்றூர் விழாக் குழுவும் திருமண வீட்டாரும் என்றோ ஒருநாள் பாட்டுக்காரரை அழைப்பவர்கள். அவர்களுக்குச் சம்பளப் பதிவேடு ஏது? அதற்கென 1999இல் ஒற்றைச் சாளரம் போன்ற ஓர் ஏற்பாட்டைக் கண்டார்கள். அழைத்தவர் ஒரே படிவத்தை நிரப்பி ஒரே இடத்தில் பணம் கட்டினால், ஓய்வூதியம், மருத்துவம், வேலையின்மை ஆகிய எல்லாக் கணக்கிலும் அது ஏறிவிடும். எனக்கு அவிஞோன் போராட்டத்தைவிட இந்தப் படிவத்தின்மீதுதான் வியப்பு மிகுதி. நம் கோயில் குழுக்கள் ஒலிபெருக்கிக்கும் பந்தோபஸ்துக்கும் அனுமதிச் சீட்டு வாங்குகின்றன. பந்தலுக்கும் மின்விளக்குக்கும் ரசீது வைத்திருக்கின்றன. கூத்தருக்குக் கொடுத்த தொகைக்கும் ஒரு ரசீது போடுவது இயலாத செயல் அன்று.

நம் நாட்டில் உதவியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நலிந்த நிலையிலுள்ள எழுத்தாளர், கலைஞர்க்கு மத்திய அரசு 1961இல் உதவித் திட்டம் கண்டது. ஆந்திரப் பிரதேசத்தில் தப்பு அடிக்கும் கலைஞர்க்கு ஐம்பது வயதுக்குமேல் மாத ஓய்வூதியம் உண்டு. 2024 சூலையில் அது நான்காயிரம் ரூபாயாக உயர்ந்தது. தமிழ்நாட்டில் 2007இல் நாட்டுப்புறக் கலைஞர் நலவாரியம் அமைந்தது. இவையனைத்தும் நல்லன. முதுமைக்கும் நோய்க்கும் வறுமைக்கும் இவை உதவுகின்றன. முப்பத்தைந்து வயதில், உடல் வலுவோடு, துரியோதனன் வேடம் கட்டும் ஒருவன் ஐப்பசி மாதம் என்ன செய்வான் என்பதற்கு இவற்றில் விடை இல்லை.

எல்லை நமக்கு மற்றொரு தொல்லை. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, ஊர்கள் பிரிந்தன. கூத்துப் பரம்பரைகளும் பிரிந்தன. ஒரே வாத்தியாரிடம் பயின்ற இருவருள், பள்ளிப்பட்டில் குடியிருப்பவர் தமிழ்நாட்டு வாரியத்தில் பதிந்துகொள்ளலாம். நகரியில் குடியிருப்பவர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. ஒரே இரவில், ஒரே களரியில், கண்ணனும் அர்ச்சுனனுமாக இருவரும் ஆடுகிறார்கள்.

வேலையின்மைக்கு உதவித்தொகை என்னும் கருத்தும் நம் சட்டங்களுக்குப் புதிதன்று. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகம், வேலையிழந்த உறுப்பினர்க்கு வரையறுத்த நாள்களுக்கு உதவித்தொகை தரும் திட்டத்தை 2018இல் கொண்டுவந்தது. ஓர் ஆலையில் சேர்ந்து சந்தா கட்டியவனுக்கு அது பயன்படும். 2005இல் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டத்தில், விண்ணப்பித்த பதினைந்து நாளுக்குள் வேலை தராவிடின் வேலையில்லாப் படி தரவேண்டும் என்றே எழுதப்பட்டிருந்தது. நம் கூத்தர் பலர் அந்த நூறுநாள் வேலைக்குத்தான் போனார்கள். ஏரி வெட்டும் கூலியாளாக அவர் பெயர் அரசுப் பதிவேட்டில் ஏறியது, கூத்தராக ஏறவில்லை.

திரைத்துறையின் கதை வேறு. 1981இல் நாடாளுமன்றம் திரைத் தொழிலாளர்க்கெனச் சட்டங்கள் இயற்றியது. எழுத்து வடிவில் ஒப்பந்தம் வேண்டும் என்றது. படத்துக்கு இவ்வளவு என்று தயாரிப்பாளரிடம் தீர்வை பெற்று நலநிதி கண்டது. நாகையா மறைந்து எட்டு ஆண்டு கழித்து வந்த சட்டங்கள் அவை. மருத்துவம், பிள்ளைகளின் படிப்பு முதலியவற்றுக்கு நிதி பயன்பட்டது. வேலையில்லாத நாளுக்கு அங்கும் ஒன்றுமில்லை. எனினும் நடிகனும் தொழிலாளியே என்பதை எழுத்தில் ஒப்புக்கொண்ட பெருமை அச்சட்டங்களுக்கு உண்டு.

2020ஆம் ஆண்டு எல்லாவற்றையும் வெளிச்சம்போட்டுக் காட்டியது. மார்ச் 20 முதல் திருமலையில் பக்தர் வருகை நின்றது. 25ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு. பங்குனி பிறந்து இரண்டு வாரம்கூட முழுதாக ஆகவில்லை. தாம்பூலம் வாங்கிய செட்டுகள் சில அச்சாரத்தைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. அடுத்த ஆண்டு சித்திரையிலும் நோயின் இரண்டாம் அலை. இரண்டு பருவம் போயிற்று. இரண்டு பருவம் என்பது கூத்தருக்கு இரண்டு முழு ஆண்டு. அரிசியும் மளிகையும் கொடுத்த நல்லோர் பலர். தமிழ்நாட்டில் வாரியத்தில் பதிந்தோர்க்குச் சிறு தொகை சென்றது. பதிவில்லாதவர் வரிசையின் கடைசியில் நின்றார்கள். பலர் வரிசையிலேயே நிற்கவில்லை.

அதே 2020இல், மே 6 அன்று, பிரெஞ்சு அதிபர் மக்ரோன் ஓர் அறிவிப்புச் செய்தார். நம் கணக்கில் அது சித்திரை மாதம், கூத்துப் பருவத்தின் நடு. கலைஞர்கள் 507 மணி நேரத்தை எட்டாவிட்டாலும் 2021 ஆகஸ்டு முடிய அவர்களுடைய உதவித்தொகை தொடரும் என்பது அறிவிப்பு. அதனை ‘வெற்றாண்டு’ என்று அழைத்தார்கள். கணக்கில் எழுதாமல் விட்ட ஆண்டு. அரங்குகள் மூடியே கிடந்ததால், அந்தக் கெடுவும் போதாது என்று கலைஞர்கள் 2021 மார்ச் 4 அன்று பாரிசு ஓதெயோன் அரங்கினுள் புகுந்து தங்கினர். சில வாரங்களில் நாடு முழுவதும் ஏறத்தாழ நூறு அரங்குகளில் அவ்வாறே தங்கினர். கெடு அவ்வாண்டு டிசம்பர் வரை நீண்டது. அவர்கள் தமக்காக மட்டும் கேட்கவில்லை. உணவு விடுதிகளில் நாள்கூலிக்கு வேலை செய்வோர் முதலிய, நிலையான வேலையற்ற எல்லார்க்கும் உதவி வேண்டும் என்றும், வேலையின்மைக் காப்பீட்டில் அரசு அப்போது கொண்டுவந்த வெட்டைக் கைவிட வேண்டும் என்றும் கேட்டார்கள். அக்கோரிக்கை நிறைவேறவில்லை.

நம் நாடாளுமன்றமும் அதே 2020இல், செப்டம்பர் மாதத்தில், பழைய தொழிலாளர் சட்டங்களைத் தொகுத்துப் புதிய கோவைகளாக நிறைவேற்றியது. அவற்றுள் பணியிடப் பாதுகாப்புக் கோவை, 1981இன் திரைத் தொழிலாளர் என்னும் பெயரை விரித்து, ஒலி ஒளித் தொழிலாளர் என்று ஆக்கியது. நடிகர், இசைவாணர், பாடகர், நடனக்காரர் எல்லாரும் அதனுள் அடங்குவர். ஆனால் அவர் பணி திரைப்படமாகவோ தொலைக்காட்சித் தொடராகவோ அவை போன்ற பிறவாகவோ இருத்தல் வேண்டும். சத்தியவேட்டுப் பக்கத்துக் கட்டியக்காரர் ஒருவர் ஏதேனும் ஒரு படத்தில் கூத்துக் காட்சிக்காக ஒரு பகல் ஆடினால், அந்தப் பகலுக்கு அவர் தொழிலாளி. அன்றிரவே ஊருக்குத் திரும்பி, அதே அரிதாரத்தில், அதே பாட்டைப் பாடி விடியவிடிய அம்மன் முன்னால் ஆடினால், அந்த இரவுக்கு அவர் யார் என்பதை அக்கோவை கூறவில்லை.